கனமும் துரைத்தனமும்: கெடா தோட்டப்புறத் தமிழ்க் கிறித்துவரும் ஆள்வோரைப் பற்றிய சொல்லொழுக்கமும்

முன்னுரை

1941ஆம் ஆண்டு சிலாங்கூர் மாநிலத்தின் கிள்ளான் வட்டாரத்தில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகளுள் ஒன்று ஆய்வாளர்களின் கவனத்தைத் தொடர்ந்து ஈர்த்து வந்துள்ளது. ஐரோப்பிய நிர்வாகிகளையும் ஆசியப் பணியாளர்களையும் வழியில் காணும்போது மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கம் நீக்கப்பட வேண்டும் என்பதே அது. கூலி உயர்வு, பள்ளிக்கூடம், மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல், பெண்களுக்குப் பாதுகாப்பு ஆகியவற்றோடு இக்கோரிக்கையும் ஒரே பட்டியலில் இடம்பெற்றது. வயிற்றுப்பாட்டோடு மரியாதையும் வழக்குக்குரிய பொருளாயிற்று என்பதை இது காட்டுகிறது.

மிதிவண்டியிலிருந்து இறங்கும் வழக்கம் சிலாங்கூருக்கு மட்டும் உரியதன்று. மலாயாத் தோட்டங்களில் அது பரவலாக இருந்தது. வடக்கே கெடா மாநிலத்தின் கோல மூடா, கூலிம் வட்டாரங்களில் பால்மரக் காடுகளுக்கிடையே வாழ்ந்த தமிழர்களுள் கிறித்துவர்களும் இருந்தனர். அவர்கள் வாரந்தோறும் கேட்ட மறைநூலில், அதிகாரத்தில் உள்ளோரைக் கனப்படுத்துக, அவர்களை இழித்துப் பேசற்க என்னும் கட்டளை இருந்தது. இக்கட்டளை தோட்டத்து மரியாதைக்கு அரண் செய்ததா, அன்றி அதனைக் கேள்விக்கு உட்படுத்தியதா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. மறைநூற் போதனையையும், அது தமிழில் பெற்ற சொல்வடிவத்தையும், கெடா தோட்டப்புற வரலாற்றையும் அருகருகே வைத்து இதற்கு விடை காண முற்படுகிறோம்.

மறைநூல் கூறுவது

ஆள்வோரைப் பற்றிய சொல்லொழுக்கத்துக்கு அடிப்படையாகக் காட்டப்பெறும் பகுதிகள் பல. மக்கள் தலைவனைச் சபித்தலை யாத்திராகமம் 22:28 விலக்குகிறது. மனத்துக்குள்ளும் படுக்கையறையிலும்கூட அரசனைச் சபிக்கலாகாது, சொல்லைப் பறவை கொண்டுசெல்லும் எனப் பிரசங்கி 10:20 எச்சரிக்கிறது. ஒரு வீட்டுப் பேச்சு அடுத்த வீட்டுக்குக் கேட்கும் லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு இந்த எச்சரிக்கையின் பொருளை எவரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை. அதிகாரம் இறைவனால் ஏற்படுத்தப்பட்டது என ரோமர் 13:1-7 உரைக்கிறது. அரசர்களுக்காகவும் அதிகாரிகளுக்காகவும் வேண்டுதல் செய்யுமாறு 1 தீமோத்தேயு 2:1-2 பணிக்கிறது.

இவற்றை மட்டும் தொகுத்தால் போதனை பணிவைப் பற்றியது எனவே தோன்றும். ஆயினும் அதே மறைநூல் வேறு காட்சிகளையும் காட்டுகிறது. தாவீது அரசனின் குற்றத்தை நாத்தான் இறைவாக்கினர் அவன் முகத்துக்கு நேரே எடுத்துரைக்கிறார். ஏரோதை இயேசு நரி என்று குறிப்பிடுகிறார் (லூக்கா 13:32). பிலிப்பி நகரில் விசாரணையின்றி அடிக்கப்பட்ட பவுல், இரகசியமாக வெளியேற மறுத்து, அதிகாரிகளே நேரில் வந்து தம்மை அழைத்துச் செல்ல வேண்டுமென்கிறார் (அப்போஸ்தலர் 16:37-39).

இவற்றுள் இரண்டு காட்சிகள் நம் பொருளுக்கு மிக நெருக்கமானவை. முதலாவது அப்போஸ்தலர் 23. பேரவையின்முன் நின்ற பவுலை வாயில் அடிக்கும்படி தலைமைக் குரு ஆணையிடுகிறார். பவுல் சினந்து, வெள்ளையடித்த சுவருக்கு அவரை ஒப்பிடுகிறார். அவர் தலைமைக் குரு எனச் சுட்டிக்காட்டப்பட்டதும், அதனை அறிந்திலேன் என்று கூறி, மக்கள் தலைவனை இழித்துப் பேசலாகாது என்னும் பழைய விதியைத் தாமே நினைவுகூர்கிறார். அவர் தலைவனை இகழ்ந்த குற்றத்தை ஏற்கிறார். சட்டப்படி நீதி வழங்க அமர்ந்திருப்பவர் சட்டத்துக்கு மாறாக அடிக்கச் சொன்னார் என்னும் தம் குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றதாக நூலில் ஒரு சொல்லும் இல்லை.

இரண்டாவது யோவான் 18:22-23. தலைமைக் குருவுக்கு இப்படியா மறுமொழி சொல்வது என்று கேட்டு, காவலன் ஒருவன் இயேசுவைக் கன்னத்தில் அறைகிறான். மரியாதைக் குறைவு என்பதே அங்குக் குற்றச்சாட்டு. இயேசு திருப்பி வசைபாடவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. தாம் பேசியதில் தவறு இருப்பின் அதனை எடுத்துக்காட்டுமாறும், இல்லையெனில் அடித்ததற்குக் காரணம் கூறுமாறும் கேட்கிறார். பேசிய விதத்தைக் காட்டிப் பேசிய பொருளை மறைக்க முயல்வோருக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி இருத்தல் அரிது.

ஆகவே முறையீட்டைக் கைவிடுமாறு மறைநூல் கேட்கவில்லை என்பது பெறப்படும். அது ஒழுங்குபடுத்துவது முறையிடுவோர் எடுத்தாளும் சொல்லை. இது தமிழ் மரபுக்குப் புதிதன்று. மன்னரைச் சேர்ந்தொழுகும் முறையைத் தனி அதிகாரமாக வகுத்த வள்ளுவர், செவிக்குக் கசப்பான சொல்லைப் பொறுத்துக்கொள்ளும் பண்பை வேந்தனுக்கும் விதித்தார். இடித்துரைப்போர் இல்லாத மன்னன் கெடுப்பவர் இன்றியும் கெடுவான் என்றார். பாண்டியன் அவையில் கண்ணகி ‘தேரா மன்னா’ என்று மன்னனை விளித்ததைச் சிலப்பதிகாரம் குறையாகக் காட்டவில்லை. பிழை உணர்ந்து உயிர் நீத்த மன்னனின் செயலே அவ்விளிக்குக் காப்பியம் தரும் மறுமொழி.

தமிழில் அப்போதனை பெற்ற வடிவம்

தோட்டத்துச் சீர்திருத்த சபையினர் கேட்ட வேதாகமம் பெரும்பாலும் பவர் தலைமையிலான குழு திருத்தி 1871இல் நிறைவுசெய்த மொழிபெயர்ப்பு ஆகும். சீகன்பால்குவின் 1715ஆம் ஆண்டுப் புதிய ஏற்பாட்டிலிருந்து பப்ரீஷியுஸ் வழியாக வளர்ந்த மொழிநடையின் தொடர்ச்சி அது. கத்தோலிக்கரிடையே வேறு மொழிபெயர்ப்புகள் வழங்கின. 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பின் மூன்று மொழிக்கூறுகள் இங்குக் கருதத்தக்கன.

முதலாவது ‘கனம்’ என்னும் சொல். 1 பேதுரு 2:17இல் எல்லா மனிதருக்கும் செய்ய வேண்டியது எதுவோ, அதுவே அரசனுக்கும் செய்ய வேண்டியதாகக் கூறப்படுகிறது. கிரேக்க மூலத்தில் இரண்டிடத்தும் வினை ஒன்றே. தமிழிலும் ‘கனம்பண்ணு’ என்னும் ஒரே வினை இரண்டிடத்தும் ஆளப்பட்டுள்ளது. அச்சம் இறைவனுக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அரசனுக்குரிய கனமும் அடுத்த வீட்டாருக்குரிய கனமும் சொல்லளவில் வேறல்ல என்பது இதனால் விளங்கும்.

இரண்டாவது ‘துரைத்தனம்’. தீத்து 3:1இல் துரைத்தனங்களுக்கு அடங்கியிருக்குமாறு நினைவூட்டப்படுகிறது. அடுத்த வசனத்தில் எவரையும் பழித்துப் பேசாதிருக்குமாறு கூறப்படுகிறது. அதே சொல் எபேசியர் 6:12இல் வேறு பொருட்சூழலில் வருகிறது. அங்குத் துரைத்தனங்களோடு போராட்டம் உண்டு என்பது செய்தி. மூல நூலாசிரியர் பின்னையதில் கருதியது ஆவியுலக ஆற்றல்களை; மொழிபெயர்த்தோருக்கும் தோட்ட நிர்வாகம் நினைவில் இருந்திருக்க இயலாது. எனினும் பெரிய துரை, சின்ன துரை என்று நாள்தோறும் வழங்கிய ஒரு சமூகத்தின் செவியில் இச்சொல் வெறும் கலைச்சொல்லாக ஒலித்திருக்காது. அடங்கியிருக்க வேண்டியதும் போராட வேண்டியதும் ஒரே பெயரால் குறிக்கப்பட்ட சூழல், கிரேக்க மூலத்தில் போலவே, தமிழிலும் அமைந்தது.

மூன்றாவது வினைமுற்று விகுதி. இம்மொழிபெயர்ப்பில் இறைவனுக்கும் இயேசுவுக்கும் ‘ஆர்’ விகுதி வருகிறது. ஏரோது, பிலாத்து போன்ற ஆட்சியாளர்க்கும், மோசே, பவுல் போன்ற பெரியோர்க்கும் ‘ஆன்’ விகுதியே வருகிறது. மன்னனைக் கனப்படுத்துமாறு கற்பிக்கும் நூல், மன்னனைப் பற்றிக் கதை கூறும்போது ‘கேட்டான்’, ‘கலங்கினான்’ என்றே எழுதுகிறது. நேரில் விளிக்கும்போது மட்டும் ‘கனம்பொருந்திய’ என்னும் அடையும் ‘நீர்’ என்னும் முன்னிலையும் வருகின்றன. இஃது அக்கால உரைநடையின் இயல்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும் இறைவன் ஒருவனை நீக்கின், அரசனும் மீனவனும் விகுதியில் சமம் என்னும் விளைவு இதனால் ஏற்பட்டது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் திருத்தூதர்களுக்கும் இறைவாக்கினர்களுக்கும் ‘ஆர்’ விகுதி வழங்கப்பட்டமை, மரியாதை பற்றிய தமிழ்ச் சமூகத்தின் எதிர்பார்ப்பு மாறியதற்குச் சான்றாகும்.

தோட்டத்தில் மரியாதை

கெடா 1909ஆம் ஆண்டு உடன்படிக்கையால் சயாமின் மேலாதிக்கத்திலிருந்து பிரிட்டனின் பாதுகாப்புக்குள் வந்தது. சுல்தானின் ஆட்சி தொடர, பிரிட்டிஷ் ஆலோசகர் நிர்வாகத்தில் பெருஞ்செல்வாக்குப் பெற்றார். இரப்பர்த் தோட்டங்கள் பெருகிய இக்காலத்தில், கங்காணி முறை வழியாகத் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். அலோர் ஸ்டாரில் சுல்தானும் ஆலோசகரும் இருந்தபோதிலும், தொழிலாளியின் கண்ணுக்குத் தெரிந்த அரசு தோட்டத்து அலுவலகமே. துரை, கிராணி, கங்காணி என்னும் வரிசையில் கட்டளை இறங்கி வந்தது. அதே வரிசையில் மரியாதை மேலேறிச் சென்றது.

இம்மரியாதை ஒருவழிப்பட்டது என்பதற்கு மொழியே சான்று. தோட்ட நிர்வாகிகள் தமிழ் கற்பது வேலைத் தேவையாக இருந்தது. அதற்கெனக் கைந்நூல்கள் எழுந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையில் வெளியான வெல்ஸ் என்பவரின் நூலுக்குக் ‘கூலித் தமிழ்’ என்பதே பெயர். மொழிக்கே இத்தகைய பெயர் சூட்டப்பட்டபின், அதில் பன்மை விகுதிக்கு இடம் எங்ஙனம் இருக்கும்? காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்போது வயதில் மூத்தவரையும் ‘நீ’, ‘வா’, ‘போ’ என்று ஏவும் வழக்கம் இளம் துரைக்கும் இயல்பாயிற்று.

இங்குத் திருச்சபையின் அமைப்பையும் நோக்க வேண்டும். ஐரோப்பியர் பட்டணங்களில் ஆங்கில வழிபாட்டிலும், தொழிலாளர் தமிழ் வழிபாட்டிலும் கலந்துகொண்டனர். குருவோ போதகரோ எப்போதாவது வரும் தோட்டங்களில் உபதேசியாரே செபம் நடத்தினார். வேலைக்காரர் தலைவருக்குக் கீழ்ப்படியுமாறு கூறும் பகுதி தமிழில் வாசிக்கப்பட்டபோது அதற்கு உரியோர் அங்கு அமர்ந்திருந்தனர். தலைவர் வேலைக்காரரை அச்சுறுத்தலாகாது, இருவருக்கும் தலைவர் விண்ணில் இருக்கிறார் என்னும் அடுத்த பகுதி (எபேசியர் 6:9) வாசிக்கப்பட்டபோது துரை அங்கில்லை. கீழ்ப்படிதல் பற்றிய பாதி செவியைச் சென்றடைந்தது. மறுபாதி காற்றில் போயிற்று.

எனினும் அது முழுவதும் காற்றில் போயிற்று எனக் கூறுவதும் பொருந்தாது. தோட்டப் பணியாளர்களுள் மலையாளிகளும் யாழ்ப்பாணத் தமிழரும் கணிசமாக இருந்தனர். அவர்களிடையே கிறித்துவர்களும் இருந்தனர். ஒரே ஆலயத்தில் கிராணியும் பால்வெட்டுத் தொழிலாளியும் கூடும் இடங்களில் அவ்வசனத்துக்கு உரியவர் ஒருவர் இருந்தார். செல்வருக்கு நல்லிருக்கையும் ஏழைக்குக் காலடியும் காட்டும் சபையைக் கண்டிக்கும் யாக்கோபு 2ஆம் அதிகாரம் அங்கு நேரடியாகப் பேசியது. ஞாயிறன்று ஒரே பாத்திரத்தில் பங்குகொண்டவர், திங்களன்று வழியில் கண்டவுடன் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டுமா என்னும் வினா, ஐரோப்பியரைக் காட்டிலும் கூர்மையாக இத்தகைய கிராணியைத் தைத்திருக்க வேண்டும்.

1947: பிடோங்கும் டப்ளினும்

சப்பானிய ஆட்சி முடிந்தபின் கெடா தோட்டப்புறம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பிடோங் அருகிலுள்ள ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை தோன்றியது. கள்ளுண்ணலை ஒழித்தல், தூய்மை, கட்டுப்பாடு, தன்மானம் ஆகியன அதன் நோக்கங்கள். காந்தியச் சிந்தனை, தமிழ்நாட்டுச் சீர்திருத்த இயக்கங்கள், இந்திய தேசிய இராணுவத்தின் அனுபவம் ஆகியவற்றின் தாக்கம் அதில் காணப்பட்டது. 1947 மார்ச் மாதத் தொடக்கத்தில் பிடோங்கில் கள்ளுக்கடை எதிர்ப்பைத் தொடர்ந்து போலீசாருடன் மோதல் ஏற்பட்டு ஒரு தொழிலாளர் உயிரிழந்தார். பலர் சிறைத்தண்டனை பெற்றனர். அதே ஆண்டு ஏப்ரல் 28 அன்று டப்ளின் தோட்டத்தில் போலீசார் சுட்டதில் மற்றொரு தொழிலாளர் மாண்டார். அடுத்த ஆண்டு அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது.

தொண்டர் படை கிறித்துவ இயக்கமன்று. அதனை அவ்வாறு காட்டுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஆயினும் நாம் ஆராயும் போதனையை உரசிப் பார்ப்பதற்கு ஏற்ற கல் அது. குடித்தவரைத் தண்டிக்கவும் அவ்வியக்கத்தினர் தலைப்பட்டனர் என்பதால் அதன் செயல்கள் யாவும் குறையற்றவை எனல் இயலாது. இருப்பினும், கள்ளுக்கடையை மூடக் கோருவது ஆள்வோரை இழித்துப் பேசுவதாகாது. நிர்வாகத்தின் கண்ணில் கோரிக்கையே அவமரியாதையாகத் தோன்றியது. தொழிலாளி நிமிர்ந்து நின்று பேசினாலே அஃது அடங்காமை எனக் கருதப்பட்டது. யோவான் 18ஆம் அதிகாரத்துக் காவலன் கேட்ட கேள்வியே அங்கும் எழுந்தது. பேசியதில் தவறு எது என எடுத்துக்காட்டுக என்னும் மறுமொழிக்கு அங்கும் விடை கிடைக்கவில்லை.

உலகின் பிற பகுதிகளிலும் இச்சிக்கல் எழுந்துள்ளது. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சிக்கு அரணாக ரோமர் 13 எடுத்தாளப்பட்டதை 1985இல் வெளியான கைரோஸ் ஆவணம் கடுமையாக மறுத்தது. ஓர் அதிகாரத்தை மட்டும் தனித்தெடுத்து, எல்லா ஆட்சிக்கும் எல்லாக் காலத்துக்கும் உரிய ஒப்புதலாக்குவது மறைநூலுக்குச் செய்யும் தீங்கு என்பது அதன் வாதத்தின் சாரம். கெடா தோட்டங்களின் அளவு சிறிது, சிக்கல் அதுவே.

விடுதலைக்குப் பின்

1957க்குப் பின் அதிகாரத்தில் இருப்போர் மாறினர். தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் 1954இல் உருவாகியிருந்தது. முறையீடு செய்வதற்குச் சட்டம் ஏற்ற வழியும், அதற்குரிய மொழியும் கிடைத்தன. 1970இல் பிரகடனம் செய்யப்பட்ட ருக்குன் நெகாரா, இறை நம்பிக்கை, பேரரசருக்கும் நாட்டுக்கும் விசுவாசம், அரசியல் சாசனத்தின் மேன்மை, சட்டத்தின் ஆட்சி, நன்னடத்தையும் ஒழுக்கமும் என ஐந்து கோட்பாடுகளை முன்வைத்தது. விசுவாசத்தோடு சாசனமும் சட்டமும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டமை கருதத்தக்கது. ஆள்வோர்க்குரிய மரியாதையும் ஆள்வோரைக் கட்டுப்படுத்தும் நெறியும் அதில் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

மலேசியத் தமிழ் ஆலயங்களில் பேரரசருக்காகவும் மாநில ஆட்சியாளருக்காகவும் அமைச்சர்களுக்காகவும் வேண்டுதல் செய்யும் வழக்கம் இன்றும் உண்டு. கெடா சுல்தான் அப்துல் ஹாலிம் முவாட்ஸாம் ஷா 1970 முதல் 1975 வரையிலும், மீண்டும் 2011 முதல் 2016 வரையிலும் பேரரசராக விளங்கினார். அவ்வாண்டுகளில் சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் வழிபாட்டில் பேரரசருக்காக வேண்டியோர் தங்கள் மாநில ஆட்சியாளருக்காகவே வேண்டினர். ஒருவருக்காக இறைவனை வேண்டுவோர் அவரைப் பழிப்பது அரிது. அவருக்கும் மேலே நீதி வழங்குபவர் உண்டு என்பதை மறப்பதும் அரிது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் பட்டணத்தின் ஓரங்களுக்குப் பெயர்ந்தபின் துரையும் இல்லை, பிரட்டுக்களமும் இல்லை. ஆனால் ஒருவழி மரியாதை அவற்றோடு மறைந்துவிட்டதாகக் கருத முடியாது. தொழிற்கூடத்திலும் அலுவலகத்திலும், ஏன், ஆலயக் குழுக்களிலும் பள்ளிக்கூடங்களிலும் அதன் எச்சம் உண்டு. மறுபுறம், முன்னே குழைந்து பின்னே இழித்துப் பேசும் வழக்கமும் தோட்டத்திலிருந்து நம்முடன் வந்ததே. அச்சத்தால் செய்யப்படும் மரியாதைக்கு அது மறுபக்கம்.

முடிவுரை

அதிகாரத்தில் உள்ளோரைப் பற்றிய கிறித்துவச் சொல்லொழுக்கம் கெடா தோட்டப்புறத்தில் இருவிதமாகப் பயன்படக் கூடியதாயிருந்தது. பாதியாகக் கற்பிக்கப்பட்டபோது அது மிதிவண்டியிலிருந்து இறங்கும் வழக்கத்துக்கு மறைநூல் ஒப்புதல் தந்தது. முழுமையாகக் கற்பிக்கப்பட்டிருப்பின், இறங்கச் சொன்னவரையும் கட்டுப்படுத்தும் ஆற்றல் அதற்கு இருந்தது. ‘கனம்பண்ணு’ என்னும் ஒரே வினை அரசனுக்கும் அனைவருக்கும் உரியதாக இருக்கையில், கீழிருப்போரிடம் கனத்தைப் பெற்றுக்கொண்டு அவர்களுக்கு அதனைத் தர மறுப்பவர் போதனையை மீறியவராவார். துரையைப் பழித்த தொழிலாளிக்கு விதிக்கப்பட்ட அதே வசனம், தொழிலாளியை ‘வாடா’ என்ற கிராணிக்கும் விதிக்கப்பட்டது.

தமிழாசிரியர்களுக்கு இதில் நேரடியான பணி உண்டு. மரியாதைப் பன்மையை வகுப்பில் இலக்கணமாகக் கற்பிக்கிறோம்: பெரியோர்க்கு ‘ஆர்’, ஏனையோர்க்கு ‘ஆன்’, ‘ஆள்’. அவ்விகுதியை யாருக்கு மறுத்தோம், எக்காலத்தில் மறுத்தோம், மறுக்கப்பட்டவர் அதனை எவ்வாறு கேட்டுப் பெற்றார் என்னும் வரலாற்றையும் உடன் கற்பிக்கலாம். கிள்ளான் கோரிக்கைப் பட்டியலும் பிடோங் நிகழ்ச்சியும் மரியாதை இலக்கணத்தின் எடுத்துக்காட்டுகளாக வகுப்பறையில் இடம்பெறத் தக்கவை. ஆள்வோரிடம் குறை கூறும் கடிதம் எழுதப் பயிற்றும்போது, இகழ்ச்சிச் சொல்லை நீக்கி, குற்றச்சாட்டை நீக்காமல் எழுதும் முறையை மாணவர்க்குக் காட்டுவது இன்னும் பயன்தரும். பேரவையின்முன் நின்ற பவுல் செய்தது அதுவே. தோட்டத்தில் நம் முன்னோர் பலர் செய்ய முயன்றதும் அதுவே.